தம்பியின் கேம் பெட்டி

தம்பிக்கு வலது கை போனது என்னால்தான். இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா என்பதுதான் எட்டு மாதமாக எனக்கு விளங்கவில்லை.

நான் போர்வெல் மோட்டார் மெக்கானிக். காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் ஓடவில்லை என்றால் எனக்குத்தான் போன் வரும். தம்பி தக்காளி ஏற்றும் மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அரூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பைப் தூக்க ஆள் குறைகிறதென்று ஒருநாள் அவனைக் கூட்டிப் போனேன். திரும்பும்போது பைக்கை ஓட்டியது நான். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. செடி வாடுகிறதென்று காலையிலிருந்து விடாமல் கூப்பிட்ட விவசாயியாக இருக்கும் என்று நினைத்து, எடுத்துப் பார்த்தேன். நிமிர்ந்தால் எதிரே சிறுபாலத்தின் சுவர். பிரேக் பிடித்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வயலில் போய் விழுந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அவன் தோள் சுவரில் மோதி, உள்ளே நரம்பு அறுந்து, கை தொங்கிப் போனது.

ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் நாய் குறுக்கே வந்துவிட்டது என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தானாக வந்தது. அம்மா அந்த நாயை இன்றைக்கும் விடவில்லை. "நாசமாப் போன நாயி, எம் புள்ள கையத் தின்னுட்டுதே" என்று அவள் ஆரம்பித்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

தம்பி என்னோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. சாப்பிட்டியா என்றால் தலையாட்டுவான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் என் தோளுக்கு மேல் போனைப் பார்த்தானா, தோட்டங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தானா? கேட்டால் தெரிந்துவிடும். கேட்க பயமாக இருந்தது.

அப்படி இருந்தவன் ஒருநாள் அம்மாவிடம், பரண்மேல் அந்த கேம் பெட்டி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அப்பா பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது அது. கேசட்டைச் செருகி டிவியில் ஆடுவது. துடைத்து மாட்டினேன். படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது, சத்தத்தில் ஒரே இரைச்சல். தம்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்கு எனக்கு ஒரு வெறி வந்தது. இதை ஓட வைத்துவிட்டால் அவன் சிரிப்பான், அவன் சிரித்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. என் புத்தி அப்படித்தான் கணக்குப் போட்டது. லஞ்சம்தான், வேறென்ன.

திறந்து பார்த்தேன். போர்டில் இருந்த கண்டென்சர்களின் தலை உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. எனக்குச் சிரிப்பே வந்தது. மோட்டார்களில் நான் தினமும் மாற்றுவதே கண்டென்சர்தானே. தருமபுரியில் ரேடியோ சாமான் விற்கும் கடைக்குப் போய் அதே அளவில் நான்கு வாங்கினேன். கடைக்காரர், "பிளஸ், மைனஸ் பாத்துப் போடுங்க" என்றார்.

"ஏங்க, இருவது வருசமா இதத்தாங்க மாத்திக்கிட்டு இருக்கேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் கண்டென்சருக்கு இரண்டு ஒயர். எதை எந்தப் பக்கம் மாட்டினாலும் மோட்டார் ஓடும். இருபது வருடமாக என் கை பழகியது அதற்குத்தான். தம்பி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பழையதைக் கழற்றி, புதியதைத் துளையில் செருகி, ஈயம் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டேன். சில நொடிகள் கழித்துப் பட்டென்று ஒன்று வெடித்தது. வீடெல்லாம் கருகிய நாற்றம். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

"கோடு போட்ட பக்கம் மைனஸு. ரெண்டத் திருப்பிப் போட்டுட்ட" என்றான் தம்பி. படுத்துக்கொண்டே போனில் இதையெல்லாம் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறான்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா சொல்லல?"

"நீ எப்ப கேட்ட?"

மறுநாள் மதியம் மறுபடியும் நான்கு வாங்கி வந்தேன். கடைக்காரர் லேசாகச் சிரித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நானாகச் சொல்லிக்கொண்டேன். இந்த முறை தம்பி இடது கையால் போர்டைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றுக்கும் அவன் சரி என்று சொன்ன பிறகே பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டதும் படம் ஆடாமல் தெளிவாக நின்றது. ஒரு பட்டை இல்லை, இரைச்சல் இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆடுவதற்குத்தான் வழியில்லை. திரையில் வரும் பொம்மையை நடக்க வைக்க இடது கை, தாண்ட வைக்க வலது கை வேண்டும். இது முதல் நாளே என் மண்டைக்கு உறைத்திருக்க வேண்டும். தம்பி கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் நீ அழுத்து" என்றான். அவனை ஒட்டி உட்கார்ந்தேன். எட்டு மாதத்தில் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

அவன் ஓட்டினான். பள்ளம் வந்தது. நான் அழுத்துவதற்குள் பொம்மை உள்ளே விழுந்தது. மறுபடியும் ஓட்டினான், மறுபடியும் விழுந்தது.

"லேட்டு" என்றான்.

மூன்றாவது முறையும் விழுந்தபோது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "பிரேக்கும் இப்பிடித்தாண்ணா புடிச்ச."

என் விரல் பட்டன்மேலேயே இருந்தது.

"நீ போன் பாத்தத நானும் பாத்தேன்."

"யாருகிட்டயும் நீ சொல்லலியேடா" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். அம்மா தெனம் நாயத் திட்டுது. போய் நீயே சொல்லு."

எழுந்தேன். சமையலறை நான்கே எட்டு தூரம். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"என்னப்பா, டீ வெக்கட்டா?"

"வெய்யிம்மா" என்றேன்.

வேறெதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் ஓர் அறையில் பேசினால் மறு அறையில் கேட்கும். திரும்பி வந்தபோது தம்பி டிவியை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.