பத்து விரலும் பறந்த கதை

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறேன். வீட்டில் இருக்கும்போது, செல்வி என்ற பட்டாசுத் தொழிலாளியைப் பற்றி போனில் ஒரு நாவல் எழுதி வந்தேன். முன்னால் எழுதியது மறந்துபோவதால், கதையில் முரண்களைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இலவசமாக இறக்கிக்கொண்டேன்.

ஒன்பது அத்தியாயங்களைப் படித்த அது, "செல்வி ஆஸ்பத்திரி ஊழியர், பட்டாசு ஆலைக்கு ஏன் போகிறார்?" என்று சிவப்புக் கோடு போட்டது. வெடிமருந்தை நாங்கள் 'மருந்து' என்றுதான் சொல்வோம். நான் எழுதிய 'மருந்து ரூமை' அது ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டது! இதற்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு, மற்ற கோடுகளைப் படிக்காமலே அழித்தேன்.

பத்திரிகைக்கு அனுப்பும் முன், கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது, உடன் வேலை செய்யும் மாரியிடம் படிக்கக் கொடுத்தேன். செல்வியை நான் எழுதியதே அவளை வைத்துத்தான்.

"எக்கா, ரெண்டாம் அத்தியாயத்துல செல்விக்கு ஒரு விரல் போயிருச்சுல்ல? இங்கன 'பத்து விரலும் பறக்கச் சரம் பின்னினாள்'னு எழுதியிருக்கீக?"

மாரி தன் வலது கையை விரித்துக் காட்டினாள். நாலு விரல்.

"திரும்ப முளைக்காதுக்கா" என்றாள், கோபமில்லாமல்.

வீட்டுக்கு வந்து அந்த மென்பொருளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது சிவப்புக் கோடே அதுதான்.

இப்போது நம் சொற்களுக்கு நாமே பொருள் எழுதிவைக்க இடமுள்ள வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டேன். முதலில் எழுதியது 'மருந்து'. எல்லாக் கோடுகளையும் படித்த பிறகே சிரிக்கிறேன். அதற்கப்புறம் மாரியும் படிக்க வேண்டும்.

செல்வி ஒன்பது விரலால் பின்னுகிறாள். வேகம் குறையவில்லை.