ஆறு நிமிஷத்தில் நாலு நிமிஷம் வணக்கம்

எனக்கு மேடை என்றால் உயிர். ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டிபன்பாக்ஸ் வாங்கிய நாளிலிருந்து, மைக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எங்கள் பக்கம் எந்தக் கல்லூரி விழா நடந்தாலும், எந்தப் பட்டிமன்றம் போட்டாலும், "அந்த அம்மாவக் கூப்பிடுங்கப்பா, வெளுத்து வாங்கும்" என்பார்கள். அதனால் சிங்கப்பூரில் மூன்று வாரப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது பாடத்தைப் பற்றி எனக்குத் துளிகூடக் கவலை இல்லை. இலக்கியத்தில் வீரப் பெண்கள், அதுதான் பாடம். வேறென்ன வேண்டும்? வீரப் பெண்களைப் பற்றிப் பேசிப் பேசியே தொண்டை கட்டியவள் நான்.

கவலை வேறு இடத்தில் இருந்தது. நான் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். கதைப்பாடல்களில் வரும் வீரப் பெண்கள் என்று நான் கேட்ட தலைப்பை ஊரில் ஆய்வுக் குழு இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை தள்ளிவிட்டது. "பழைய தலைப்பும்மா" என்பார் குழுத் தலைவர். ஃபைலை மூடுவார். அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் போனால், அவர் கையில் வைத்திருக்கும் தலைப்பை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது பத்திரிகை விளம்பரங்களின் மொழிநடை. ஐந்து வருஷம் பல்பொடி விளம்பரத்தோடு குடித்தனம் நடத்த என்னால் ஆகாது, சாமி.

அந்த மூன்றாவது கூட்டம், நான் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் கணினி வழியாக நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் படிப்பை நடத்தும் பேராசிரியர் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் அதைக் காட்டித் தலைப்பை வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். கடைசி வாரம் ஆளுக்கு ஆறு நிமிஷம் ஒரு பேச்சு. அதில் தேறியவர்களுக்குத்தான் கடிதம். பேச்சுத்தானே! சிரித்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

தங்கியது தெம்பனிஸில், அண்ணி வீட்டில். அண்ணன் அந்த மாதம் முழுக்க வேலையாகப் பக்கத்து இந்தோனேசியாவில் பாத்தாம் தீவுக்குப் போயிருந்தான். அண்ணி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். பாலிகிளினிக் என்கிற அரசு ஆஸ்பத்திரிக் கவுண்டரில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டு பதினைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் மருமகள் பேச்சில் ஆரம்பித்து முட்டிவலிக்கு வந்து சேர்வதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடுமாம். அதனால் யார் வாயைத் திறந்தாலும் அண்ணி ஒரே கேள்விதான் கேட்பார். "சரி, இப்ப என்ன வேணும்?" முதல் நாள் காலையில் நான், "அண்ணி, ஊர்ல பார்த்தீங்கன்னா நான் எப்பவுமே ஆறு மணிக்கெல்லாம் எந்திரிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"காப்பியா, டீயா?" என்றார் அண்ணி.

வகுப்பு தீவின் மறுகோடியில். எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரம் போக வேண்டும். நாங்கள் எட்டுப் பேர், பனிக்கட்டி மாதிரி குளிரும் ஓர் அறை, நடுவில் ஒரு நீள மேசை. பேராசிரியர் கட்டை முடியும் ஓட்டக் காலணியுமாக வருவார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராகத்தான் இருப்பார். முதல் வாரக் கடைசியில் ஒரு ஒத்திகைப் பேச்சு வைத்தார். செல்போனில் ஆறு நிமிஷத்துக்கு மணி வைத்துவிட்டு, "ம், பேசுங்க" என்றார்.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, தமிழ்த்தாய்க்கு முதல் வணக்கம் சொன்னேன். அப்புறம் சிங்கைத் திருநாட்டுக்கு. அப்புறம் இடம் தந்த கல்லூரிக்கு. அறிவுக்கடலாய், அன்பின் ஊற்றாய் வீற்றிருக்கும் பேராசிரியருக்கு. என்னோடு பயிலும் ஏழு பேருக்கும் தனித்தனியாக, ஆளுக்கு ஒரு அடைமொழி போட்டு. ஓரமாக ப்ரொஜெக்டரை நோண்டிக்கொண்டிருந்த ஊழியரையும் நான் விடவில்லை. அந்த மனிதர் பதறிப்போய் எழுந்து நின்று எனக்குத் திரும்பக் கும்பிடு போட்டார்.

பிறகுதான் என் கதாநாயகிக்கு வந்தேன். எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் வரும் பெண் அவள். வீரத்தின் விளைநிலம், தியாகச் சுடர், பெண்குலத்தின் பொன்விளக்கு என்று குரலை ஏற்றிக்கொண்டே போய், "அப்பேர்ப்பட்ட அந்த வீரமங்கை பிறந்த ஊர் எது தெரியுமா?" என்று கையை உயர்த்தினேன். மணி அடித்துவிட்டது.

கைதட்டலுக்காக நின்றேன். ஒருவரும் தட்டவில்லை. பேராசிரியர் தன் நோட்டைப் பார்த்து, "நாலு நிமிஷம் வணக்கம். ரெண்டு நிமிஷம் பட்டம்" என்றார். அப்புறம் நிமிர்ந்து, "அவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"சொல்ல வந்தேன் மேடம், அதுக்குள்ள பெல்லு..."

"கடைசிப் பேச்சுல பட்டம் ஒண்ணுகூட வேணாம். அவங்க செஞ்சதை மட்டும் சொல்லுங்க. செஞ்ச வரிசையில."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பட்டிமன்றத்தில் ஆயிரம் பேரைக் கட்டிப்போட்டவளிடம் வந்து, ஓட்டக் காலணி போட்ட பெண் பேச்சுக் கற்றுக்கொடுக்கிறாளாம்! எம்ஆர்டியில் வீடு வரைக்கும் மனசுக்குள் அவரை வறுத்தெடுத்துக்கொண்டே வந்தேன். அண்ணியிடம் முழுக் கதையையும் நடித்தே காட்டினேன். அண்ணி பச்சைமிளகாய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த மேடம் சரியாத்தான லா கேட்டிருக்காங்க. அவ என்னதான் செஞ்சா?" என்றார்.

"அது வந்து அண்ணி... பெரிய கதை."

"சொல்லு."

சொல்ல வாயைத் திறந்தேன். வீரம், தியாகம், கற்பு என்று வந்ததே தவிர, அவள் செய்தது கோர்வையாக வரவில்லை. இருபது வருஷமாக மேடை மேடையாகப் பேசிய பெண்! எனக்கே முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைக்கே பாட்டின் அச்சுப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் செய்தவற்றுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போடுவது என்று வைத்துக்கொண்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டுகிறேன், பேனாவுக்கு வேலையே இல்லை. அவள் கூந்தலுக்கு ஒரு பக்கம், குலத்துக்கு இரண்டு பக்கம், பொறுமைக்கு மூன்று பக்கம். அவள் ஏதாவது செய்கிற வரிகளை மட்டும் சேர்த்து எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம்கூட வரவில்லை. அந்த அரைப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேசி, எப்படிக் கடிதம் வாங்குவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு விடுப்பு. "வா, தேக்காவுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிட்டே பேசிப் பாப்போம்" என்று இழுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குட்டி இந்தியாப் பக்கம், சிராங்கூன் ரோடு, எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தீவில் இருக்கிற நம்ம ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அங்கேதான். தேக்கா உணவுக்கடைகளில் நம்ம ஊரில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு ஒரு மேசையைப் பிடித்து, பிரியாணியும் தேத்தண்ணியும் வாங்கி வைத்துவிட்டு, அண்ணி செல்போனில் மணி வைத்தார். பக்கத்து மேசையில் கப்பல்பட்டறையில் வேலை பார்க்கிற நாலு பேர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள், ஆளுக்கொரு செல்போனில் மூழ்கியிருந்தார்கள்.

பழக்கம் விடுமா? "வீரத்தின் விளைநிலமாம்..." என்று எடுத்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பச் செல்போனுக்குப் போய்விட்டார். அண்ணி, "அடுத்த டோக்கன்!" என்று அதட்டினார். எனக்குச் சுருக்கென்றது. சரி போ என்று அந்த அரைப் பக்கத்தையே சொன்னேன்.

"பஞ்சம். ராஜாவோட ஆளுங்க வந்து ஊர்க் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ளே நெல் இருக்கு, வெளியே புள்ளைங்க பட்டினி. இவ புள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு அரண்மனைக்கு நடந்தா. மூணு நாள் நடந்தா. வாசல்ல நாளைக்கு வான்னாங்க. அங்கேயே உட்கார்ந்தா. மறுநாளும் நாளைக்குன்னாங்க. மூணாம் நாள் பூக்காரிங்களோட ஒரு கூடையைத் தூக்கிக்கிட்டு உள்ளே நுழைஞ்சிட்டா."

பக்கத்து மேசையில் செல்போன்கள் தாழ்ந்துவிட்டன. காது என் பக்கம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது, வேண்டுமென்றே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தேன். மீசைக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சாவியைக் குடுத்தானா இல்லியா அந்தாளு?"

"உடனே குடுக்கல. அவனைப் புகழ்ந்து பாடிட்டுத்தான் யாரும் எதையும் கேக்கணும், அதான் அங்க வழக்கம். இவ நேராப் போய் களஞ்சியச் சாவி வேணும்னா. சபையே அதிர்ந்துபோச்சு. ராஜா, முதல்ல என் பேரை வாழ்த்து, அப்புறம் கேளுன்னான். இவ, முதல்ல சாவி, புள்ளைங்க சாப்பிட்டதும் ஊரே வந்து வாழ்த்தும்னா. அப்புறந்தான் சாவி கைக்கு வந்துச்சு."

"அப்பிடிப் போடு!" என்று அவர் மேசையைத் தட்டினார். தட்டில் இருந்த வடை துள்ளிற்று. அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ செய்தது. இத்தனை வருஷம் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறேன், அவள் யாருக்கும் வணக்கம் சொல்லாமல் கேட்டாள் என்பதை ஒருநாளும் கவனித்ததே இல்லை. கவனிக்க எனக்கு எங்கே நேரம், நான்தான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேனே!

கடைசிப் பேச்சுக்குச் சாதாரணச் சுடிதாரில் போனேன். எழுந்து நின்றதும் தமிழ்த்தாய் நாக்கு நுனிவரை வந்துவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டேன். "பஞ்சம்" என்று ஆரம்பித்தேன். ஐந்தே கால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பாட்டில் பட்டங்கள் எத்தனை பக்கம், அவள் செய்தது எத்தனை வரி என்று கடைசியில் சொன்னபோது பேராசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தேறிவிட்டேன். சந்தோஷத்தில் கட்டிப்பிடித்து விட்டேன் அந்த அம்மாளை, அவருக்குத்தான் மூச்சு முட்டியிருக்கும்.

கடிதம் மறுநாள் வந்தது. பிரித்துப் பார்த்தேன். 'இவர் படிப்பில் தேறினார். தலைப்பு ஏன் வேண்டும் என்பதை இவரே நன்றாகச் சொல்வார், கேளுங்கள்.' இரண்டே வரி. அறிவாளி, ஆற்றல் மிக்கவர், அரிய ஆய்வாளர், ஒன்றும் கிடையாது. "இதுக்கா அண்ணி மூணு வாரம் குளிர்ல நடுங்கினேன்?" என்று அழாக்குறையாகக் கேட்டேன். அண்ணி அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "நாளைக்கு நானும் லீவ் போட்டுடுறேன்" என்றார்.

கூட்டம் எங்களுக்கு மதியம். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். அண்ணி அடுப்படியில் சத்தம் வராமல் மீன் கழுவினார். திரையில் ஐந்து பேர், நடுவில் குழுத் தலைவர். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக் கடிதத்தைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, இதுவும் அதே பழைய தலைப்புத்தானேம்மா. நீ என்ன சொல்றே?" என்றார்.

கை தானாகக் கும்பிடப் போயிற்று. கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு இந்தத் தலைப்புத்தான் வேணும் ஐயா. வேற வேணாம். இந்தப் பாட்டுகள்ல புகழ்ச்சி எவ்வளவு, அந்தப் பொம்பளைங்க நிஜமாச் செஞ்சது எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கணும். ஒரு பாட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டேன். நானே இருபது வருஷமாத் தப்பாச் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன். மத்த பாட்டுகளையும் பார்த்தாகணும் ஐயா."

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. பெரியவர்களிடம் இப்படியா பேசுவது? திரையில் ஐந்து பேரும் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். தலைவர் ஒரு நோட்டை எடுத்து முன்னும் பின்னுமாகப் புரட்டினார். யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"போன ரெண்டு கூட்டத்துக் குறிப்பையும் பார்க்கிறேன். நீ எங்களை வாழ்த்திப் பேசினதுதான் இருக்கு. நல்லாத்தான் பேசியிருக்கே. ஆனா இதை நீ சொல்லவே இல்லையேம்மா?"

அவரே நோட்டை மூடினார்.

"முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். சரி, எழுது" என்றார். அடுத்தவரின் ஃபைலை எடுக்கச் சொல்வது கேட்டது, என் பக்கம் திரை அணைந்தது.

அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்தார். "என்ன லா? என்ன சொன்னாங்க?"

"கிடைச்சிடுச்சு அண்ணி" என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் அழுற? ரெண்டு வருஷம் இழுத்தடிச்சாங்களே, ஏனாம்? கேட்டியா அந்த ஆளை?"

அந்த மனிதரைத் திட்டாமல் ஒருநாள் நான் சோறு தின்றதில்லை. பொறாமை பிடித்தவர் என்றேன், பெண்கள் முன்னேறினால் பிடிக்காதவர் என்றேன், அண்ணியிடம்கூட இந்த மூன்று வாரமும் அதையேதான் பாடியிருந்தேன்.

"நான் கேக்கவே இல்ல அண்ணி" என்றேன்.