லேடி மெம்பர் கேட்ட கேள்விகள்

1. நாற்காலி

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பெண்களை இன்டர்வியூ செய்யும் போர்டில் ஒரு பெண்ணாவது உட்கார வேண்டும். நல்ல விதி. எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். அந்த விதியின் பேரில் போய் உட்கார்ந்துதான் நான் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தேன்.

செம்பூரைத் தாண்டி டிராம்பே போகிற ரோட்டில் இருக்கிறது கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே பர்சனல் டிபார்ட்மென்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மாட்டுங்காவிலிருந்து பஸ், டிபன் டப்பா, ஃபைல், மறுபடி பஸ். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

கம்பெனிக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. டீமில் எடுத்தால் வேலையும் உண்டு. காலையில் பிராக்டிஸ், மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு செக்‌ஷனில் மேஜை. முதலில் கான்ட்ராக்ட், நன்றாக ஆடினால் பர்மனென்ட். தாராவி, சீத்தா கேம்ப் குடிசைப் பகுதிகளில் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. நான் ரிட்டயர் ஆவதற்குச் சில வருடம் முன்னால் பெண்கள் டீமும் ஆரம்பித்தார்கள்.

பெண்கள் வந்ததும் விதி ஞாபகத்துக்கு வந்தது. ஆபீசர் கிரேடில் இருந்த பெண்கள் மூன்று பேர். ஒருவர் டூரில் இருந்தார், ஒருவர் லீவில் இருந்தார், மூன்றாமவர் “எனக்கு ஃபுட்பால் தெரியாது” என்று தப்பித்துக்கொண்டார். எனக்கும்தான் தெரியாது. ஆனால் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அதுவரை போர்டு ரூமில் ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதியவளுக்கு மேஜையில் ஒரு நாற்காலி கிடைத்தது. மினிட்ஸையும் நானே எழுத வேண்டும், அது வேறு விஷயம். என் முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் போட்டிருந்தது. எனக்கு ‘லேடி மெம்பர்’ என்று மட்டும் இருந்தது. அது அன்றைக்கு உறைக்கவே இல்லை. புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், வெட்கக்கேடு.

2. பிரஷர் டெஸ்ட்

அந்த போர்டு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சேர்மன் சாத்தே சார். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, பியூன் வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போய் நிற்பார். ஆனால் இன்டர்வியூ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எதிரே இருப்பவனின் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக நினைப்பார். இன்னொருவர் பின்டோ கோச். மைதானத்தில் அவர் போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். போர்டு ரூமில் வாயே திறக்க மாட்டார்.

ஒரு வருடம் முன்பு ஆண்கள் செலக்‌ஷனில் சீத்தா கேம்ப் பையன் ஒருவன் வந்தான். ஸ்ட்ரைக்கர். ஃபாரத்தில் அப்பா பெயருக்கான இடம் காலி. பேச்செல்லாம் இந்தியில்தான் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா பேர் எங்கே?”

“அம்மா மட்டும்தான் சார்.”

“அம்மா என்ன வேலை?”

“வேலைக்காரி சார். நாலு வீட்டுல.”

“பகல்லயா, ராத்திரியிலயா?” என்று கேட்டுவிட்டு சாத்தே சார் சிரித்தார்.

பையனின் காது மடல் சிவந்துவிட்டது. சாத்தே சார் உடனே கையை ஆட்டி, “கோபப்படாதே, இது பிரஷர் டெஸ்ட். கிரவுண்டுல எதிர் டீம்காரன் இதைவிட மோசமா பேசுவான். அப்ப என்ன பண்ணுவே?” என்றார்.

“அவன் பேசினா கோல் அடிச்சுப் பதில் சொல்வேன் சார். உங்களுக்கு என்னத்த அடிச்சுப் பதில் சொல்றது?”

அவனை எடுக்கவில்லை. ‘டெம்பரமென்ட் சரியில்லை’ என்று ரிமார்க்ஸ் எழுதினேன். அவனிடம் என்ன கேட்டார்கள் என்பதை எழுதவில்லை. எங்கள் மினிட்ஸில் கேள்விக்கு என்று இடமே கிடையாது. மார்க் இருக்கும், ரிமார்க்ஸ் இருக்கும், கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். அதைப் படித்தால் யாரோ கோவிலில் உட்கார்ந்து பேசியது போலிருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை.

3. லேடீஸ் மேட்டர்

பெண்கள் செலக்‌ஷனில் கோச் கொடுத்த லிஸ்டில் முதல் பெயர் இசக்கியம்மாள். தாராவிப் பெண், கோல்கீப்பர். அப்பா தோல் பட்டறையில் பை தைக்கிறார். மூன்று நாள் டிரையலில் அவளைத் தாண்டி ஒரே ஒரு பந்துதான் உள்ளே போனதாம். “அந்தக் கை மாதிரி ஆண்கள் டீம்லகூட இல்லை” என்று கோச் என்னிடம் காரிடாரில் வைத்துச் சொன்னார். காரிடாரில் நன்றாகப் பேசுவார்.

நல்ல உயரம். உள்ளே வந்தவள் உட்காரச் சொல்லும் வரை நின்றாள். ஆட்டத்தைப் பற்றி இந்தியில் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய இன்டர்வியூ. சாத்தே சார் ஒரு சீட்டில் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினார்.

“மேடம், ஆப் பூச்சியே. லேடீஸ் மேட்டர் ஹை.”

பெண்கள் சமாசாரம், நீங்களே கேளுங்கள் என்கிறார். சீட்டில் மூன்று கேள்விகள். மாதவிலக்கு சரியாக வருகிறதா, அந்த நாட்களில் ஆடுவாளா? காதல் கீதல் உண்டா? கல்யாணம் எப்போது? கூடவே, “உங்க பாஷைக்காரப் பொண்ணுதானே, உங்க பாஷையிலயே கேளுங்க. ஃப்ரீயா பேசும்” என்றார்.

விதி எதற்காக வந்ததோ அதற்கு நேர்மாறான வேலைக்கு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சீட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆண்கள் கேட்டால் கம்ப்ளெயின்ட் வரும். நான் கேட்டால் வராது. சீட்டைத் திருப்பித் தள்ளியிருக்கலாம். ‘அவர் கேட்பதைவிட நான் பக்குவமாகக் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படிப்பட்ட சமாதானத்துக்கு மட்டும் மனசில் பஞ்சமே வராது.

“இசக்கி, தமிழ் பேசுவியாம்மா?”

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. “வீட்ல தமிழ்தான் மேடம்.”

“தப்பா நெனச்சுக்காதே. மாசாமாசம் சரியா வந்துடறதா? அந்த நாள்லயும் ஆடுவியா?”

அவள் ஆண்கள் இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “அவியளுக்குத் தமிழ் தெரியாதுல்லா மேடம்?” என்று கேட்டாள்.

“தெரியாது” என்றேன். அது உண்மைதான். அவள் வெளியே போனதும் நான் அவர்களுக்கு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லப் போகிறேன் என்பதும் உண்மை. அதைச் சொல்லவில்லை.

“சரியா வரும் மேடம். ஆடுவேன். போன வருசம் ஃபைனல் அன்னைக்கே அப்படித்தான்.”

காதல் இல்லை என்றாள், சிரித்துக்கொண்டே.

“வீட்ல கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கறதா?”

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். சொந்தச் சித்தியிடம் சொல்வது போலச் சொன்னாள்.

“அத்தை மவனுக்குப் பேசி வச்சிருக்காவ மேடம். ஊர்ல இருக்கான். எனக்கு இப்பம் வேண்டாம். வேலை கெடச்சா ரெண்டு வருசம் தள்ளிப்போடலாம்னு அப்பா சொல்லிருக்காவ. கெடைக்கலைன்னா வார தை மாசமே முடிச்சிருவாவ. அதுக்கப்புறம் வெளையாட்டாவது ஒண்ணாவது. அதான் மேடம், இந்த வேலை எனக்குக் கெடச்சே ஆவணும்.”

“சரிம்மா, போய்ட்டு வா” என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு மட்டும் தனியாக ஒரு “தேங்க்ஸ் மேடம்.”

கதவு சாத்தியதும் சாத்தே சார், “க்யா போலீ?” என்றார். என்ன சொன்னாள் என்று முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘மேரேஜ் ஃபிக்ஸ்டு’ என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“போதும். டிரெயினிங் குடுத்து, ஷூ வாங்கிக் குடுத்து, அப்புறம் கல்யாணம்னு போயிடும். ஒரு சீசன் வேஸ்ட்.”

“பட் சார்…” என்று ஆரம்பித்தேன். அவர் அடுத்த பெண்ணைக் கூப்பிட பெல் அடித்துவிட்டார். கல்யாணம் அந்த வேலைக்கு இடைஞ்சல் இல்லை, அந்த வேலை கிடைத்தால்தான் கல்யாணம் தள்ளிப்போகும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கோச் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஆண்கள் டீம் கோல்கீப்பருக்குக் கல்யாணம் நடந்தது. சாத்தே சார் உட்பட எல்லோரும் ரிசப்ஷனுக்குப் போய் மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். சீசன் வேஸ்ட் என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இசக்கியம்மாளின் ரிமார்க்ஸில் ‘தொடர்ந்து பணியாற்றும் வாய்ப்பு குறைவு’ என்று இங்கிலீஷில் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள்.

4. போன்

லிஸ்ட் ஒட்டிய மறுநாள் காலை ஆபீஸ் போனில் அவள்.

“தமிழ் பேசுற மேடம் இருக்காவளா?” என்று கேட்டிருக்கிறாள். பியூன் சிரித்துக்கொண்டே ரிசீவரை என்னிடம் நீட்டினான்.

“மேடம், லிஸ்ட்ல எம் பேரு இல்ல. எழுதுறப்ப விட்டுப்போச்சா?”

“இல்லம்மா.”

“கோச் சார் நீதான் ஃபர்ஸ்ட்னு சொன்னாவளே மேடம். நான் என்ன தப்புப் பண்ணேன்? சொன்னா அடுத்த வாட்டி சரி பண்ணிக்கிடுவேன்.”

முப்பது வருடம் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவளுக்குப் பதில் தயாராக இருந்தது. “ஓவரால் பெர்ஃபார்மன்ஸ் பாத்துதாம்மா எடுப்பாங்க. தனியா காரணம் சொல்ற வழக்கம் இல்ல.”

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற ஓசை கேட்டது. அப்பாவின் பட்டறையிலிருந்து பேசினாள் போலிருக்கிறது.

“அப்பம் இன்னும் நல்லா ஆடணும், என்ன மேடம்?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். என் சர்வீஸில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு கேவலமான பொய் வேறொன்றும் ஞாபகத்தில் இல்லை.

5. திரைக்குள்

ரிட்டயர் ஆகி இரண்டாவது வருடம், தங்கை பெண்ணுக்கு ஒரு கைப்பை வாங்க காட்கோபரில் ஒரு மாலுக்குப் போனேன். வாசலில் ஆண்களை வெளியில் நிறுத்தியே செக் பண்ணுவார்கள். பெண்களுக்குத் துணித்திரை போட்ட சின்னக் கூண்டு, உள்ளே ஒரு லேடி செக்யூரிட்டி. நானும் உள்ளே போனேன்.

“ஹாத் ஊப்பர்” என்றாள். கையைத் தூக்கினேன். மெட்டல் டிடெக்டரைத் தோளிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்த கையைப் பார்த்தேன். பெரிய கை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

“இசக்கிதானே?”

“ஆமா மேடம். உள்ள வரும்போதே பாத்துட்டேன்.”

என்ன கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறது? மன்னிப்பு கேட்டிருக்கலாம். வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“கல்யாணம் ஆயிடுத்தா?”

எழுதும்போது கூசுகிறது. அவள் டிடெக்டரை நிறுத்தவில்லை.

“அந்தத் தையிலேயே ஆயிட்டு மேடம். ஒரு பையன். அவுகளுக்கு ஊர்ல தொழில் சரியில்லன்னு இங்கயே வந்துட்டோம்.”

“ஆடறதுண்டா?”

“எங்க மேடம்.”

என் பையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஜிப்பை மூடி என் கையில் கொடுத்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

“அந்த ஆபீசர் இந்தில கேட்டிருந்தா பொய் சொல்லிருப்பேன் மேடம். கல்யாணமே வேண்டாம்னு சொல்லணும்னு கோச் சார் முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தாவ. நீங்க தமிழ்ல கேட்டிய. பொய் சொல்ல வரல.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“பின்னால லைன் நிக்கி மேடம். போங்க.”

திரையை விலக்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன். பை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

6. அடுத்து உட்காரப் போகிறவளுக்கு

அந்த விதி இன்னும் இருக்கிறது. பலகையும் இருக்கும். நாளைக்கு உங்களில் ஒருத்தியை அதன் பின்னால் உட்கார வைப்பார்கள். ஒரு சீட்டு உங்கள் பக்கம் நகர்ந்து வரும், ‘லேடீஸ் மேட்டர், நீங்க கேளுங்க’ என்பார்கள். சண்டை போட வேண்டாம், எழுந்து வெளியே வரவும் வேண்டாம். “சார், நீங்களே கேளுங்க. நீங்க கேக்கற கேள்வியை அப்படியே மினிட்ஸ்ல எழுதிக்கறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள். கீழே தங்கள் கையெழுத்து வருகிற காகிதத்தில் அந்தக் கேள்வியைப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

இது எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் தோன்றியது. இத்தனைக்கும் அன்றைக்கு அந்த அறையில் மினிட்ஸ் நோட்டு என் முன்னால்தான் திறந்திருந்தது. பேனாவும் என் கையில்தான் இருந்தது.