அரை டாங்க் டீசல்

ஒரு வண்டியின் கோளாறு என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே அதைச் சரிசெய்யாமல் விட்டேன். பிறகு அந்தப் பழி வேறொருவர் தலையில் விழுந்தபோது, வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொன்னேன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஏன் செய்தாய் என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது... ஆர்வம்! ஒரு வண்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆர்வம்.

சித்தூரில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். டீசல் வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் என்னிடம் வருவார்கள். ஸ்கேனரைச் செருகினால் அது ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண் வலிக்கிற இடத்தைத்தான் காட்டும். காரணத்தை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தத் தேடலில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சாப்பிட்டேனா இல்லையா என்பதுகூட மறந்துபோகும்.

முனிரத்தினம் அண்ணன் ஒரு மாட்டுத்தீவனக் கடைக்காரரின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, நகரிப் பக்கத்துத் தமிழர். சித்தூரில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மொகிலி மலைச்சாலை ஏறி, பலமநேர் வழியாகச் சாந்திபுரம் போவார். ஒருநாள் காலையில் என் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார்.

"மலை ஏறிக்கினு இருக்கும்போது லைட்டு எரியுது தம்பி. வண்டி இழுக்க மாட்டேங்குது. எறங்கி வந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடுது. இன்னான்னு பாரு."

இன்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தம் குறைகிறது என்றது ஸ்கேனரில் வந்த எண். டீசலை வடிகட்டும் பில்டர் புதிது. பம்ப் நன்றாக இருந்தது. நின்ற இடத்தில் எவ்வளவு முடுக்கியும் அழுத்தம் இம்மியும் குறையவில்லை. அப்படியானால் மலையில் மட்டும் ஏன்? எனக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டியின் மெமரியிலிருந்த எண்ணை அழித்து விளக்கை அணைத்தேன். தீப்பெட்டி அளவிலான பதிவுக் கருவி ஒன்றை டேஷ்போர்டுக்கு அடியில் செருகிவிட்டு, "சரியாயிடுச்சுண்ணா, போய்ட்டு வாங்க" என்றேன். கருவியைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

அவர் திரும்பி வந்ததும் கருவியை எடுத்து லேப்டாப்பில் பார்த்தேன். என்ன சொல்வேன்! ஏற்றம் தொடங்கும் வரை அழுத்தத்தைக் காட்டும் கோடு நேராகப் போகிறது. வண்டி மூக்கைத் தூக்கியதும் விழுகிறது. சமதரை வந்ததும் எழுந்துவிடுகிறது. மறுபடி எண்ணை அழித்து, கருவியைச் செருகி அனுப்பினேன். அடுத்த நடையிலும் அதே கதை. எனக்குப் புரிந்துவிட்டது... டாங்குக்குள் ஏதோ மிதக்கிறது. வண்டி சாயும்போது அது நகர்ந்து வந்து, டீசலை உறிஞ்சும் குழாயின் வாயை அடைக்கிறது.

டாங்கைக் கழற்றிப் பார்க்க அரைநாள் போதும். ஏன் கழற்றவில்லை? நீங்கள் கேட்பதற்கு முன்பே நானே ஆயிரம் முறை கேட்டுவிட்டேன். எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது. டீசல் நிறைய இருந்தால் எப்படி அடைக்கிறது, குறைவாக இருந்தால் எப்படி அடைக்கிறது? இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆசைப்பட்டேன்.

"அடுத்த நடைக்கு அரை டாங்க் போதும்ணா. வண்டி லேசா இருக்கும், ஏறிடும்" என்றேன்.

"ஓனரு ரொப்பச் சொல்வாரு தம்பி."

"நான் சொல்றேன்ல."

"சரி, நீ சொன்னா சரிதான்" என்று கிளம்பிப் போனார்.

பம்ப்புக்கு டீசல்தான் உயவு எண்ணெயும்கூட. அது கிடைக்காமல் சுழன்றால் இரும்பை இரும்பே தின்றுவிடும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு நடைதானே, தாங்கும் என்று நினைத்தேன்... தாங்கவில்லை. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பம்ப் அரைபட்டு, அதன் தூள் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை போயிருந்தது. கட்டி இழுத்து என்னிடமே கொண்டுவந்தார்கள்.

டாங்கைக் கழற்றினேன். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் கவர். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம்! அதன்பிறகுதான் பயம் வந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் கோபமாக வந்தார். "ஏமய்யா, டாங்க் ரொப்புன்னு சொல்லித்தானே அனுப்பினேன். பங்க்ல பாதிதான் போட்டியாமே. மீதிக் காச அமுக்கிட்டு ரோட்டோரத்துல கலப்பட டீசல் ஊத்தி என் பம்ப்ப கெடுத்துட்டியா?"

"வேற ஒண்ணும் ஊத்தலைங்க" என்றார் முனிரத்தினம் அண்ணன். "தம்பிதான் அரை டாங்க் போதும்னு சொல்லிச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்?" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

முனிரத்தினம் அண்ணன் என்னோடு வாதாடவில்லை. "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. காணிப்பாக்கம் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன் நின்று சத்தியம் செய்தால் வழக்கு அத்தோடு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று எல்லோரும் நம்புகிறோம். நானும்தான் நம்புகிறேன்.

மறுநாள் காலையில் அவர்கள் இருவரும் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு... எவ்வளவு கேவலம் பாருங்கள்! அவர் சத்தியம் செய்ததும் கடைக்காரர் திருட்டுப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். ஆனால் பிக்கப் மறுபடி ஓட இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் சாவி வேறொருவர் கைக்குப் போயிருந்தது.

போன மாதம் உதிரிபாகங்கள் வாங்கத் திருப்பதிக்குப் போனேன். அப்படியே கோயிலில் தாயாரைச் சேவித்துவிட்டு வரலாமென்று திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் முனிரத்தினம் அண்ணன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று விசாரித்தார். மற்றவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"அன்னிக்கி ஓனரு உன்னையும் இட்டுக்கினு போய் சத்தியம் பண்ண வெக்கணும்னாரு. நான்தான் வோணாம்னுட்டேன். சின்னப் புள்ளைங்கள வெச்சிக்கினு இருக்கியே தம்பி... இன்னாத்துக்கு?"

"சரிண்ணா" என்றேன்.

அன்று என்னையும் அழைத்துப் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உண்மையைச் சொல்லியிருப்பேனா, ஈரத்துணியோடு நின்று பொய்ச் சத்தியம் செய்திருப்பேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்... சத்தியமாகத் தெரியவில்லை.

அன்று தாயாரைச் சேவிக்காமலே ஊர் திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. குனிந்து தூக்க எனக்குக் கை வரவில்லை.