மைக்செட்காரரின் பக்கத்து வீடு

மணலி தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. பகலில் நிம்மதியாகத் தூங்கத்தான் திருவொற்றியூரில் அந்த மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மைக்செட் வாடகைக்கு விடுபவர். ஒல்லியான உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு டெஸ்டர். காலையில் நான் கண்ணை மூடியதும், வாசலில் ஸ்பீக்கர்களை அடுக்கி, மைக்கில் ஊதி, "அலோ, அலோ" என்று ஆரம்பித்துவிடுவார். இறங்கிப் போய்க் கும்பிட்டுக் கேட்டால், "தோ, நிறுத்திட்டேன் சார். நீ போய்ப் படு" என்பார். நிறுத்தவும் செய்வார். நான் படியேறுவதற்குள் அடுத்த ஸ்பீக்கர் அலறும். வீட்டுக்காரம்மாவிடம் முறையிட்டேன். "அவரு தங்கமான மனுசனாச்சே" என்று முடித்துவிட்டார்.

பேசிய கெடு முடியும் முன்பே காலி செய்தேன். சாமான் ஏற்ற மீன்பாடி வண்டி வந்ததும், கூப்பிடாமலே வந்து என் பீரோவை முதுகில் சுமந்து இறக்கியவர் அவர்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், நீயும் போறியா? இந்த வூட்ல ஒருத்தரும் தங்க மாட்றாங்க. இன்னா கோளாறுனே தெர்ல. அடுத்த வூட்டுக்காவது வாஸ்து பாத்துட்டுப் போ."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். நிஜமான வருத்தம்தான் தெரிந்தது. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு வண்டியில் ஏறினேன். உண்மையிலேயே அவருக்குத் தெரியாதா என்று இன்றும் எரிச்சலோடு யோசிக்கிறேன்.