பிராகோவின் பித்தளைக் கட்டில்

எங்கள் குமாசி நகரத்தில் பிராகோவை வழியில் பார்த்தால் யாரும் நின்று பேசமாட்டார்கள். செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி, கிடத்தக் கட்டிலும் வாடகைக்கு விடுகிறவள் அவள். நின்றால் கண்ணாலேயே அளவு எடுத்துவிடுவாள் என்று பயமாம். பயந்தாங்கொள்ளிகள்! வீட்டில் ஒரு சாவு விழட்டும், அடித்துப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

பிணத்துத் தலையணைக்கு லேஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த விதவை, பதினேழு வருஷத்தில் மாடி வீடு கட்டினாள் என்றால் சும்மாவா? அவளிடம் இரண்டு கட்டில். ஒன்று மரம், மற்றது மேற்கட்டியும் விளக்கும் வைத்த பித்தளை. மரக்கட்டிலை யாரும் எடுப்பதில்லை. அதை அவள் விற்கவும் இல்லை. வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவாள்.

"இதுவும் இருக்கு. இல்லாதப்பட்டவங்க எடுப்பாங்க."

அதற்கப்புறம் எந்த மானஸ்தன் அதை எடுப்பான்? கடனை உடனை வாங்கியாவது பித்தளைக்குத்தான் போவான். சாவுச் சடங்குக்கு ஊரே வந்து பார்க்கிற சனிக்கிழமை ஆயிற்றே.

ஒரு நாள் ஒடுரோ வந்தான். லாரி ஓட்டி ஊரெல்லாம் பேர் வாங்கிய கிழவர் அம்போஃபோவின் தங்கை மகன். எங்கள் வழக்கப்படி மாமன் சொத்து மருமகனுக்குத்தான்.

"மாமாவுக்குப் பித்தளைக் கட்டில் சொல்லி வெச்சுடலாம்னு வந்தேன், அக்கா."

"ஐயோ, எப்பப்பா தவறினார்?"

"இன்னும் தவறல. ஊசி மருந்து போட்டா ஓட்டிடலாம்ங்கறார் டாக்டர். எத்தனை நாளைக்கு? அந்தக் காசுல வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சா வர்றவங்க கண்ணுக்காவது தெரியும்."

உயிரோடு இருக்கிற ஆளுக்கு அவள் அதுவரை முன்பணம் வாங்கியதில்லை. அன்றைக்கு வாங்கினாள்.

கூடத்தில் கட்டில் நுழையுமா என்று பார்க்க மறுநாள் போனாள். வீடு முழுக்கப் பெயின்ட் வாடை. பின்னறையில் வெறும் சிமென்ட் தரையில் பாய் போட்டு அம்போஃபோ கிடந்தார். அவருடைய பழைய கட்டிலை, துக்கத்துக்கு வருகிறவர்கள் பார்த்தால் அசிங்கம் என்று ஒடுரோ தூக்கிப் போட்டுவிட்டானாம். பாவி, பாவி!

கிழவர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "ஊரே பயப்படற பிராகோதானே நீ? அதுக்குள்ள வந்துட்டியே, நான் இன்னும் கிளம்பலையேம்மா!"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தாத்தா."

"சும்மா வர்ற ஆளா நீ! அது கிடக்கட்டும், உன் கட்டில்ல மெத்தை உண்டா?"

"உண்டு தாத்தா."

"அப்ப இப்பவே கொண்டாந்து போட்டுடேன். எப்படியும் எனக்குத்தானே? முதுகு எரியுது தாயீ. ரெண்டு நாள் படுத்துக்கறேன்."

உயிருள்ளவர் படுத்த கட்டிலில் அப்புறம் யார் தங்கள் பிணத்தைக் கிடத்துவார்கள்? தொழில் படுத்துவிடும். "பாக்கறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கட்டில் போகட்டும். அவள் வீட்டில் மெத்தை மட்டும் நாலு அடுக்கியிருந்தது. ஒன்றைக் கைவண்டியில் ஏற்றி அனுப்ப அரை மணி நேரம் ஆகாது. மறுநாள் அனுப்பலாம் என்று நினைத்தாள். மறுநாள் பக்கத்து ஊரான பெக்வாயில் ஒரு சாவு வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொரு நாளும் அந்த அடுக்கைத் தாண்டித்தான் அவள் அடுப்படிக்குப் போனாள். மழை பிடித்த மூன்றாம் வாரம் கிழவர் போய்விட்டார்.

மழை விட்டு வெளிச்சுவரிலும் பெயின்ட் காய்ந்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தத் துக்கத் துணி அச்சாகி வர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை உடம்பு ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில். சனிக்கிழமை விடியலில் குளிப்பாட்டுவதற்காக அவரைத் திருப்பிப் போட்டாள். எத்தனையோ நூறு உடம்பைத் திருப்பியவள், இந்த முதுகைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோல் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. மெத்தை உண்டா, மெத்தை உண்டா என்று காதுக்குள் அதே குரல், அதே சிரிப்போடு கேட்டது. பஞ்சு வைத்துக் கட்டி, அதன்மேல் விசேஷத்துக்கு உடுத்துகிற பட்டு கென்டேத் துணியைச் சுற்றினாள். முன்பக்கம் மட்டும்தானே ஊர் பார்க்கும்.

அவர் பித்தளைக் கட்டிலில் ஒய்யாரமாகப் படுத்திருந்தார். மதியத்துக்குள் மூன்று முறை உடை மாற்றினார்கள். வரிசையில் வந்தவர்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள்.

"ராஜா மாதிரி தூங்கறார்டா உங்க மாமா!"

ஒடுரோவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது கறுப்புத் துணி உடுத்திய ஒரு பெண் பிராகோவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"எங்கம்மாவுக்கும் இதே கட்டில்தான் வேணும், அக்கா."

"எப்ப தவறினாங்க?"

"இல்ல, வீட்டுலதான் இருக்காங்க. டாக்டர் என்னென்னவோ மருந்து எழுதறார். வாங்கி மாளுமா, சொல்லுங்க?"

அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது பிராகோவுக்கு. போய் முதல்ல அந்த மருந்தை வாங்குடி, உங்கம்மாவை எதுல படுக்க வெச்சிருக்கேன்னு பாருடி என்று கூடமே அதிரக் கத்தவேண்டும் போல் இருந்தது. கத்துவதற்காகத்தான் வாயையும் திறந்தாள்.

"அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை காலியா இருக்கு" என்றாள்.