பாதிப் பாலத்துக்கு என்ன செலவு?

ஒரு திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்வது எங்கள் தொழில். அத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அதனினும் கடினமான தொழில். வங்கி முகப்பிலும் விசாரணைச் சாளரத்துக்குப் பின்னாலும் அமர்ந்து, கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிக் காலம் தள்ளும் அன்பர்கள் என் துயரத்தை எளிதில் உணர்வீர்கள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு சாலையில் உள்ள ஒரு குறிப்பகத்தில் சேர்ந்தேன். அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய அலுவலகம் அது. சுற்று வட்டாரத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், அரசின் வரவு செலவுத் திட்டம் பற்றியோ தம் தொகுதிக்குக் கோர விரும்பும் பணி பற்றியோ எங்களுக்கு வினா அனுப்பலாம். நாங்கள் ஒரே பக்கத்தில் விடை எழுதி அனுப்புவோம். கணக்கிடுபவர் பேகம்பூர் ஜமால் பாய். பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். அவருடைய கணக்கை, ஓடும் காரில் படித்தாலும் விளங்கும் தமிழில் எழுதுவது என் பணி. எங்கள் இருவருக்கும் மேலே இயக்குநர் அம்மையார்.

விதிகள் மூன்று. ஒன்று, உறுப்பினர் மட்டுமே வினவலாம். இரண்டு, யார் வினவினார், என்ன வினவினார் என்பதைப் பிறர் அறியக்கூடாது. மூன்று, வினவியதற்கு மட்டுமே விடை, அறிவுரை கூடாது. நான் சேர்ந்த அன்று இவற்றை வாசித்துக் காட்டிவிட்டு அம்மையார் சொன்னார்: "சார், இங்க வாய் சும்மா இருக்கணும். இத்தன வருசம் பாடம் நடத்துன வாய்க்கு அது செத்த கஷ்டந்தான்."

சிவப்பு மை

எங்கள் அலுவலகச் சுவர்களுக்கு வண்ணம் இல்லை. வண்ணம் அடிப்பவர் இருமுறை வந்து திரும்பியிருக்கிறார். அவர் காட்டிய அட்டையிலிருந்த ஒவ்வொரு நிறமும் ஏதேனும் ஒரு கட்சியின் கொடியில் இருந்ததே காரணம். வெள்ளையாவது அடிக்கலாமே, வேட்டி அனைவருக்கும் பொதுவாயிற்றே என்றேன். கரை இல்லாத வேட்டியை எந்த உறுப்பினரின் இடுப்பில் கண்டீர் என்று ஜமால் பாய் கேட்டார். சிமெண்டு நிறமே நிலைத்தது. கோப்புறைகள் அனைத்தும் பழுப்பு. அன்பளிப்பாக வரும் நாட்காட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவோம். தேதி வேண்டுமானால் செய்தித்தாளைப் பார்ப்போம், அதையும் மூன்று தாள்களில்.

எனக்கு அடி விழுந்தது மையில். சிவப்பு மையால் பிழை திருத்தியே பழகிய கை இது. முதல் குறிப்பைத் திருத்தி மேசைமேல் வைத்திருந்தேன். அதைக் கண்ட ஓர் உறுப்பினரின் உதவியாளர், குறிப்பகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று அங்கிருந்தபடியே தம் தலைவருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். அன்றுமுதல் எனக்குப் பென்சில். முதல் பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்து ஜமால் பாய் சொன்னார்: "வாத்தியாரே, இதுல மேல மஞ்ச பெயின்டு இருந்துச்சு. சுரண்டிட்டுத்தான் கொண்டாந்தேன்."

முதல் விதி

ஒரு தை மாதத்தில் பேச்சியம்மாள் எங்கள் படியேறி வந்தார். திண்டுக்கல்லுக்கு மேற்கே ஓடும் ஆற்றின் மேற்குக் கரையில் சிறிது நிலத்தில் சம்பங்கி பயிரிடுபவர். அவர் ஆற்றைக் கடப்பதற்குத் தரைப்பாலம் ஒன்றுதான் உண்டு. பாலம் என்பது மரியாதைப் பெயர். ஆற்றுமணலோடு ஒட்டிக் கிடக்கும் சிமெண்டுப் பாதை அது. முழங்கால் அளவு நீர் வந்தாலே கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் திண்டுக்கல் பூச்சந்தைக்கு வர வேண்டுமானால் நீருக்குள் நடக்க வேண்டும். அல்லது செம்பட்டி வழியாகச் சுற்ற வேண்டும். சுற்றி வந்து சேர்வதற்குள் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவுக்கு விலை இல்லை. உயரமான பாலம் கட்ட என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதித் தருமாறு கேட்டார்.

உறுப்பினர் கேட்டால்தான் எழுத முடியும் என்று முதல் விதியைச் சொன்னேன். எந்த உறுப்பினர் என்று அவர் கேட்டார். சிக்கலே அங்கேதான். நடு ஆறுதான் இரு தொகுதிகளுக்கும் எல்லை. மேற்குக் கரைக்கு ஓர் உறுப்பினர், கிழக்குக் கரைக்கு வேறோர் உறுப்பினர், இருவரும் எதிரெதிர்க் கட்சியினர். மேற்கே முறையிட்டால் பாலம் கிழக்கில்தானே முடிகிறது என்கிறார். கிழக்கே முறையிட்டால் மேற்கில்தானே தொடங்குகிறது என்கிறார். பேச்சியம்மாள் கூடையிலிருந்த ஈரத்துணியை உதறி மடித்துக்கொண்டே எழுந்தார். "ரெண்டு பேரு வாசல்லயும் போயி நிக்கிறேன், வாத்தியாரய்யா. போன ஐப்பசியில தண்ணி இழுத்தப்ப கூடைய விட்டுட்டுக் கரையேறுனேன். அடுத்த தடவ விடுறதுக்கு என்னைய விட்டா வேற ஒண்ணும் இல்ல."

மேற்குப் பாதி

மறுவாரம் மேற்குக் கரை உறுப்பினர் நேரிலேயே வந்தார். மூத்தவர், பல தேர்தல் கண்டவர். பேச்சியம்மாள் மூன்று நாள் தம் வீட்டு வாசலில் கூடையோடு நின்றதாகவும், வருவோர் போவோரெல்லாம் வீட்டில் ஏதோ விசேஷம் என்று பூ விலை கேட்டதாகவும் வருந்தினார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, பாலத்துக்கு என்ன செலவாகும் என்று வினவினார். ஜமால் பாய் நீளத்தைக் கேட்டார். "நடு ஆறு வரைக்கும்" என்றார் உறுப்பினர். முழுப் பாலத்தையும் அவர் கேட்டு வாங்கினால், எதிர்க்கட்சிக்காரர் தொகுதிக்கு உழைத்தவர் என்று சொந்தக் கட்சியிலேயே பேசுவார்களாம்.

நடு ஆற்றில் முடியும் பாலத்தில் ஏறி எங்கே போவது என்று நாங்கள் கேட்கவில்லை, அது அறிவுரையாகிவிடும். பாலம் முடியும் இடத்தில் குறுக்கே தடுப்புச் சுவர் வேண்டுமா என்று மட்டும் ஜமால் பாய் வினவினார், அது செலவினம். உறுப்பினர் உடனே இசைந்தார். "போட்ருங்க பாய். சனம் விழுந்துச்சுன்னா என் தொகுதிக் கணக்குலல்ல வரும்?"

கிழக்குப் பாதி

நான்கு நாள் கழித்துக் கிழக்குக் கரை உறுப்பினர் தொலைபேசியில் அழைத்தார். முதன்முறை வென்றவர், இளையவர், ஒவ்வொரு தொடரையும் "சார்" என்று தொடங்குபவர். "சார், ஒரு பூக்கார அம்மா வாசல விட்டு நகர மாட்டேங்குறாங்க" என்று தொடங்கினார். அவருக்கும் நடு ஆறு வரை போதும். அவருக்கும் தடுப்புச் சுவர் வேண்டும். எதிர்க்கரைக்காரருக்கு மூச்சு விடக்கூடாது என்று அவரும் சத்தியம் வாங்கினார்.

இனி எங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பாலத்தின் இரண்டு பாதிகளும் எங்கள் ஒரே மேசைமேல் கிடக்கின்றன. இவருக்கு அவர் கேட்டதைச் சொல்ல இரண்டாம் விதி தடை; இருவரையும் சேர்ந்து கேளுங்கள் என்று சொல்ல மூன்றாம் விதி தடை. ஜமால் பாய் இரண்டு நாள் கணக்கிட்டார். இரு பாதிகளுக்கும் தனித்தனியே ஒரு நடுத்தூண், தனித்தனியே ஒரு தடுப்புச் சுவர், தனித்தனியே இயந்திர வாடகை. கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டு அரைப் பாலம் சேந்தா ஒண்ணேகால் பாலம் ஆகுது, வாத்தியாரே. அதுலயும் நடுவுல ரெண்டு செவரு."

கத்தரிக்காய்

அந்த ஞாயிறு காய்கறிக் கடையில் பேச்சியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் எங்களிடம் கேட்டுவிட்டார்களா என்றார். இரண்டாம் விதியை நினைத்து, கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தேன். அது நல்ல காய்தான். ஆராய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது.

பேச்சியம்மாள் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இருவரும் கேட்டது உண்மை; கேட்டது பாலம் அன்று என்பதும் உண்மை. முதல் உண்மையை அவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாவதை அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேணாம், வாத்தியாரய்யா. காயப் பாக்குற பார்வையே சொல்லுது. அப்ப பாலம் வந்துரும்!"

படம் இரண்டு

ஜமால் பாய் பாலத்தை ஒரே தாளில் வரைந்து, நடுவில் வெட்டி என்னிடம் கொடுத்தார். ஒரே பொருளைப் பற்றிய படங்களுக்குத் தொடர் எண் இடுவதே முறை. மாணவர்களை அவ்வாறே எழுத வைத்தவன் நான். ஆகவே மேற்குக் கரைக்குரிய பக்கத்தில் "படம் 1: பாலத்தின் மேற்குப் பாதி" என்றும், கிழக்குக் கரைக்குரிய பக்கத்தில் "படம் 2: பாலத்தின் கிழக்குப் பாதி" என்றும் எழுதினேன். இரு குறிப்புகளும் தனித்தனி உறையில் ஒரே நாளில் சென்றன.

பிற்பகலில் கிழக்குக் கரை உறுப்பினர் அழைத்தார்.

"சார், எனக்குப் படம் ரெண்டு வந்திருக்கு. படம் ஒண்ணு எங்க சார்?"

"தாங்கள் வினவியதற்கு உரிய படம் அது ஒன்றுதான்."

"அப்ப ஒண்ணாம் நம்பர் யாரு கேட்டதுக்கு?"

"அதைச் சொல்வதற்கு விதியில் இடம் இல்லை."

நான் தொலைபேசியை வைக்கப் போன வேளையில், முதன்முறையாக "சார்" இல்லாமல் ஒரு தொடர் வந்தது: "அந்தாளு முந்திக்கிட்டாரா?"

விளக்கம்

மறுநாள் காலை அவர் முழுப் பாலத்துக்கும் செலவு கேட்டு அவசர வினா அனுப்பினார். மாலையில் மேற்குக் கரை உறுப்பினரும் அதையே கேட்டார். படம் ஒன்று என்றால் இரண்டும் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் புலப்பட்டிருந்தது. ஒருவர் முழுப் பாலம் கேட்கும்போது மற்றவர் அரைப் பாலத்தோடு நிற்க முடியாதல்லவா? இயக்குநர் அம்மையார் என்னை அழைத்து எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். தொடர் எண்ணின் இன்றியமையாமையை ஒன்றரைப் பக்கத்தில் விளக்கி, அதன் கீழேயே விலகல் கடிதத்தையும் வைத்தேன். உறுப்பினர்கள் எங்களிடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவது நாங்கள் பேசமாட்டோம் என்ற நம்பிக்கையால்தான். அது போய்விட்டால் எங்களிடம் சிமெண்டுச் சுவர் மட்டுமே மிஞ்சும். அதை நான் அறிவேன்.

அம்மையார் இரண்டையும் படித்தார். "தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாமச் செஞ்சீங்களா?" என்று கேட்டார். எண் இடும்போது தெரியாது, உறையை ஒட்டும்போது தெரிந்தது என்றேன். ஒட்டினீர்களா என்றார். ஒட்டினேன் என்றேன். அம்மையார் விளக்கத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இனிமே இங்க எந்தப் படத்துக்கும் நம்பர் கிடையாது. இத எடுத்துக்கிட்டுப் போங்க சார், தேதி போட மறந்துட்டீங்க. தேதி இல்லாத லெட்டர நான் வாங்குறதில்ல."

கல்வெட்டு

சட்டமன்றத்தில் ஒரே நாளில் இருவரும் எழுந்தனர். இருவர் கையிலும் பழுப்புக் கோப்புறை. பாலத்தை முதலில் கேட்டவர் யார் என்பதில்தான் சண்டை. பாலம் வேண்டுமா என்பதில் சண்டையே இல்லை. இரு கட்சியினரும் ஒரே குரலில் கேட்பதை மறுத்துப் பழக்கமில்லாததாலோ என்னவோ, அமைச்சர் இசைந்தார். வேலை தொடங்கியதும் ஒப்பந்தக்காரர் ஆற்றில் பெரிய குழாய்களைப் பதித்து மேடான தற்காலிகப் பாதை போட்டார். அந்த ஐப்பசியில் பேச்சியம்மாள் அதன்மேல் நடந்தார். அடுத்த ஐப்பசிக்குள் பாலம் முடிந்தது. நடுவில் சுவர் இல்லை.

திறப்பு விழாவுக்கு முன் எங்களுக்கு ஒரு வினா வந்தது. இரு உறுப்பினர்களும் சேர்ந்து கையொப்பமிட்டு அனுப்பிய முதல் வினா அது: கல்வெட்டு ஒன்று வைத்தால் என்ன செலவு, இரண்டு வைத்தால் என்ன செலவு? ஒரே பக்கத்தில், அறிவுரை இன்றி, விடை அனுப்பினோம். இன்று பாலத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு கல்வெட்டு நிற்கிறது. ஒவ்வொன்றும் மற்றதைப் பற்றி அறியாததுபோல் எழுதப்பட்டிருக்கிறது.

முதல் பெருமழைக்கு மறுநாள் பேச்சியம்மாள் வந்தார். ஒரு பந்து சம்பங்கிச் சரத்தை என் மேசைமேல் வைத்தார். அன்பளிப்பு பெறுவது எங்கள் வழக்கம் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் வருத்தப்படவில்லை, சரத்தைக் கூடையில் போட்டு, ஈரத்துணியால் மூடிக்கொண்டார். "நாந்தான் வாங்கிக் குடுத்தேன்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டுத் திரியுறாக, வாத்தியாரய்யா. அம்புட்டுப் பேரும் சொல்லிக்கிரட்டும். நேத்து ஆறு நெறஞ்சு போச்சு, நான் கூடைய விடல."

எங்கள் சுவருக்கு இன்றும் வண்ணம் இல்லை, படங்களுக்கு எண் இல்லை, எனக்குக் கருத்தும் இல்லை. ஆயினும் நான் செல்லும் பேருந்து அப்பாலத்தின் நடுப்பகுதியைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் என் முகம் விதிகளுக்குக் கட்டுப்படுவதில்லை.